பெட்ரோல் போட்டதும் மக்கர் செய்யும் வண்டி

பங்க் வரை ஒழுங்காக வந்த கார். டேங்க் ஃபுல் அடித்து, காசு கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றுகிறது, ஆனால் பற்ற மாட்டேன் என்கிறது. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். நாலைந்து முறை முயன்றபின் ஒரு குலுக்குக் குலுக்கி, பெட்ரோல் வாடையோடு ஸ்டார்ட் ஆகிறது. அதன்பிறகு அடுத்த ஃபுல் டேங்க் வரை ஒரு குறையும் இல்லை. இதைப் பட்டறையில் போய்ச் சொன்னால் முதலில் பேட்டரி மாறும், அடுத்து பிளக் மாறும். அதற்கும் அடங்காவிட்டால் ‘பெட்ரோலில் தண்ணி’ என்று பங்க்காரர் தலையில் பழி விழும். உண்மையில் பார்க்க வேண்டிய இடம் வேறு. டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

வண்டி சும்மா நிற்கும்போதும் டேங்கிலுள்ள பெட்ரோல் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்தக் காலத்து வண்டிகளில் அந்த ஆவி மூடியிலிருந்த ஓட்டை வழியே வெளியே போய்விடும். புகையோடும் வெயிலோடும் சேர்ந்து தரைமட்ட ஓசோனாக மாறும் சரக்கு அது. கலிஃபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலிருந்தும், மறு ஆண்டு அமெரிக்கா முழுக்கவும் அதைப் பிடித்து வைக்கச் சொன்னார்கள். இங்கே ஒரு பெட்ரோல் கார் மாடலுக்கு அனுமதி வாங்க, காற்றுப் புகாத அறைக்குள் நிறுத்திச் சோதிக்கிறார்கள். கசியும் ஆவி 2 கிராமைத் தாண்டக் கூடாது. டீசல் இப்படி ஆவியாகாது என்பதால் டீசல்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

ஆவியைப் பிடித்து வைப்பது கேனிஸ்டர். கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நுண்துளைகள் நிறைந்த ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராம் கரியின் துளைப் பரப்பையெல்லாம் விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். ஆவி அதில் போய் ஒட்டிக்கொள்ளும். என்ஜின் சூடேறி ஓடும்போது வண்டியின் கம்ப்யூட்டர், கேனிஸ்டருக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள பர்ஜ் வால்வைத் திறக்கும். இன்டேக் மேனிஃபோல்டின் இழுவையில், கேனிஸ்டரின் வென்ட் வழியே வெளிக்காற்று நுழைந்து, கரியில் ஒட்டிய ஆவியை வாரிக்கொண்டு என்ஜினுக்குள் போய் எரியும். கரி மறுபடி காலியாகி, அடுத்த ஆவிக்கு இடம் கொடுக்கும்.

பங்க்கில் மானத்தை வாங்குவது பெரும்பாலும் அந்த பர்ஜ் வால்வுதான். கரண்ட் வராதபோது மூடியிருக்க வேண்டியது அது. திறந்தபடியே மாட்டிக்கொண்டால், பெட்ரோல் நிரம்ப நிரம்ப டேங்கிலிருந்து தள்ளப்படும் ஆவி என்ஜின் பக்கம் வந்து சேர்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது காற்றை மிஞ்சிப் பெட்ரோல், பற்றாது. அந்த நேரத்துக்கு ஆக்சிலரேட்டரை அடி வரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பல வண்டிகளில் அப்படி மிதித்தால் இன்ஜெக்டர் நின்று, வெறும் காற்று உள்ளே போய், தேங்கிய ஆவியைத் தள்ளிவிடும்.

வால்வைச் சோதிக்க மீட்டர்கூட வேண்டாம். என்ஜின் நன்றாக ஆறியபின் பானெட்டைத் திறந்து, கேனிஸ்டரிலிருந்து வரும் ஓஸை வால்விலிருந்து கழற்றுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் ஆகாது. ஓஸ் கழன்ற வால்வு முனையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குளிர்ந்த என்ஜினில் விரலை இழுக்கக் கூடாது. இழுத்தால் வால்வு போய்விட்டது. சூடேறியபின் விட்டுவிட்டு இழுத்தால் அது தன் வேலையைச் செய்கிறது. அப்போது வரும் டிக் டிக் சத்தத்தை டேப்பட் சத்தம் என்று நம்பிச் செலவு செய்தவர்கள் உண்டு.

புது வால்வை உடனே மாட்டிவிடாதீர்கள். கழற்றிய பழையதை ஒரு வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். கறுப்புக் குருணை உதிர்ந்தால் கேனிஸ்டர் உள்ளே கிழிந்திருக்கிறது. அதன் கரிதான் வால்வை மூடவிடாமல் இடுக்கில் உட்கார்ந்திருந்தது. வால்வை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்கு வரும்.

கேனிஸ்டரைக் கெடுப்பதில் நம் பங்கு பெரிது. நாஸில் தானாக ‘டக்’கென்று கட் ஆனபின், ‘ரவுண்டா போட்ருங்கண்ணே’ என்று சொல்கிறோமே, அந்தக் கடைசிக் கொசுறு எங்கே போகிறது? டேங்கின் மேல்பகுதி ஆவிக்காகக் காலியாக விடப்பட்ட இடம். அதையும் நிரப்பி, கழுத்து வரை ஊற்றினால், ஆவி போக வேண்டிய குழாயில் பெட்ரோலே இறங்குகிறது. ஆவியைத் தாங்கும் கரி திரவத்தைத் தாங்காது. மழையில் நனைந்த வற்றலைப் போலத்தான்: திரும்பக் காயப் போட்டாலும் பழைய பக்குவம் வராது. சில்லறைத் தொல்லையைத் தவிர்க்கும் அந்த ரவுண்டுக்கு விலை ஒரு கேனிஸ்டர். யூ.பி.ஐ. வந்த பிறகும் ஏன் ரவுண்டு கேட்கிறோம் என்பது எனக்குப் புரிவதில்லை.

வென்ட் அடைப்பு வேறு மாதிரி முகம் காட்டும். அங்கே சேறோ தூசியோ சேர்ந்திருக்கும், இல்லையென்றால் குளவி மண் வைத்திருக்கும். டேங்க் பாதிகூட நிரம்பாமல் நாஸில் திரும்பத் திரும்ப கட் ஆகும். மூடியைத் திறக்கும்போது காதைக் கொடுங்கள். வெயிலில் நின்ற வண்டியில் காற்று வெளியே சீறினால் அவ்வளவு கவலை வேண்டாம். ஓடிவந்த வண்டியில் காற்று உள்ளே இழுக்கப்பட்டால் வென்ட்டைப் பார்க்க வேண்டும்.

‘இதற்கெல்லாம் செக் என்ஜின் லைட் எரியாதா?’ என்று கேட்பீர்கள். யூடியூபில் இதைப் பற்றிப் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் கார்களைப் பற்றியவை. அங்கே 1996 மாடல் முதலே கார் தன்னைத் தானே சோதித்து 1 மில்லிமீட்டர் ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். 2000 மாடலிலிருந்து படிப்படியாக அரை மில்லிமீட்டர் ஓட்டையையும். அதனால்தான் மூடி லூசாக இருந்தாலும் அங்கே லைட் எரிகிறது. நம் விதிமுறை ஐரோப்பிய வழியில் வந்தது. வால்வுக்குப் போகும் மின்சுற்று அறுந்ததா என்று பார்ப்பதே அது கேட்கும் குறைந்தபட்சம். எலி ஒயரைக் கடித்தால் பி0444 போன்ற கோடு வரும். ஓஸ் கிழிந்தால் பல வண்டிகளில் ஒன்றும் வராது. ஸ்கேனரில் கோடு இல்லை என்பதற்காக, வீட்டு போர்ட்டிகோவில் வரும் பெட்ரோல் வாடையைப் பிரமை என்று சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம்.

அதே ஸ்கேனருக்கு வேறு உபயோகம் உண்டு. ஐடிலில் ஃப்யூவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) அளவைப் பார்த்துக்கொண்டே, பர்ஜ் ஓஸை மடக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடித்த உடனே ட்ரிம் பூஜ்யத்தை நோக்கி வந்து, என்ஜின் நடுக்கமும் நின்றால் வால்வு பிடிபட்டுவிட்டது.

கசியும் இடம் தெரியாவிட்டால் புகை சோதனைதான் வழி. அரை பி.எஸ்.ஐ.க்கும் குறைவான அழுத்தத்தில் புகையைச் செலுத்தி, எங்கே நூலாக வெளியேறுகிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். அந்தக் கருவி இல்லாத பட்டறையில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை நீட்டினால், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அந்த அழுத்தத்தில் கேனிஸ்டரோ டேங்கோ பிளக்கும். பெட்ரோல் ஆவிக்குள் காற்றை ஏற்றுவது தீ விபத்துக்கு அழைப்பு.

பைக்குகளில் கேனிஸ்டர் 2017இல் பி.எஸ்.4 மாசு விதி வந்தபோது பரவலானது. சர்வீசுக்கு விட்டு வந்தபின், கொஞ்ச தூரம் ஓடி நின்று, மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும் பைக்கில் கார்புரேட்டரையோ இன்ஜெக்டரையோ தொட வேண்டாம். டேங்கைக் கழற்றி மாட்டும்போது கேனிஸ்டர் ஓஸ் அடியில் சிக்கி மடங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.