எழுத்தும் தந்து, புத்தகமும் தந்தவர்கள்

பாகூர்ப் பக்கம் போயிருக்கிறீர்களா? புதுச்சேரிக்குத் தெற்கே, ஏரியும் வயலுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர். புதுவையின் நெற்களஞ்சியம் என்பார்கள். அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே ஒரு கல்லூரி இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அதற்கு மூன்று கிராமங்களை மானியமாக விட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது.

ஆனால் அது சாஸ்திரம் கற்ற அந்தணர்களின் கல்லூரி. அதே ஊரில் நாற்று நட்ட பெண்ணின் மகள் அரிச்சுவடியைத் தொட, இன்னும் ஆயிரம் வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது!

"பொட்டப் பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு?" என்ற கேள்வி நம் பாட்டிமார் காலம் வரை வீட்டுக்கு வீடு கேட்டதுதானே? அதற்கு ஒரு காரணமும் இருந்தது. இருநூறு வருஷத்துக்கு முன்பு தென்னாட்டில் வாழ்ந்த துய்புவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார், இங்கே படிக்கக் கற்ற பெண்கள் தேவதாசிகள் மட்டுமே என்று எழுதி வைத்திருக்கிறார். அதனால் குடும்பப் பெண் புத்தகத்தைத் தொட்டாலே ஊர் வாய் சும்மா இருக்காது.

இந்தப் பயத்தைப் போக்க, சிலர் தங்கள் வாழ்நாளையே கொடுக்க வேண்டியிருந்தது.

1827-ல் குளுனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் புதுச்சேரிக்கு வந்தார்கள். அந்தச் சபையை 1807-ல் பிரான்சில் தொடங்கியவர் அன்னை ஆன் மரி ஜவுஹே. விவசாயக் குடும்பத்துப் பெண். பிரெஞ்சுப் புரட்சியின் கலவர நாட்களிலேயே ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தவர். 1851-ல் கண் மூடும் வரை அந்த வேலையை விடவில்லை.

அதே 1827-ல் புதுச்சேரியில் ஒரு பொது நூலகமும் திறக்கப்பட்டது. இன்று ரோமன் ரோலண்ட் நூலகம் என்று நாம் சொல்வது அதைத்தான். ஆரம்பத்தில் அது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். பள்ளிக்கூடமும் வந்தது, நூலகமும் வந்தது. ஆனால் வில்லியனூரிலோ பாகூரிலோ இருந்த ஒரு சிறுமிக்கு இரண்டுமே எட்டாத தூரம்.

அந்தத் தூரத்தைக் குறைக்கத் தமிழ் பேசும் பெண்களே ஆசிரியைகளாக வர வேண்டும் என்று நினைத்தவர் லூயி சவினியன் துப்புயி அடிகளார். 1844-ல் புதுச்சேரியில் நடந்த ஆயர் மன்றம் கல்விக்கு முதலிடம் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 16-ம் தேதி, பெண் குழந்தைகளுக்குக் கல்வி தருவதற்கென்றே இந்நாட்டுக் கன்னியருக்காக அவர் ஒரு சபையைத் தொடங்கினார். மரியாயின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சகோதரிகள் என்ற பெயரில் அது இன்றும் பணி செய்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. துப்புயி அடிகளார் மிஷன் அச்சகத்தையும் நடத்தியவர். பெரிய தமிழ் - பிரெஞ்சு அகராதி ஒன்றை மூசே அடிகளாரோடு சேர்ந்து உருவாக்கியவர். எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, படிக்கப் புத்தகமும் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏன் தெரியுமா? ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போன எத்தனையோ பெண்களுக்கு, பத்து வருஷத்தில் கையெழுத்து மட்டும்தான் மிஞ்சியது. பழகாத எழுத்து துருப்பிடித்த அரிவாள் மாதிரி. இருந்தும் உதவாது.

கான்வெண்டில் படித்த சகோதரிகளுக்கு நூலக சிஸ்டரை ஞாபகம் இருக்கும். காக்கி அட்டை போட்ட புத்தகங்கள், தேதி முத்திரை குத்தும் சத்தம், "பக்கத்தை மடிக்காதே கண்ணு" என்ற கண்டிப்பு! ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடுகள் எடுத்தவர்கள் அவர்கள். சம்பளம் சபைக்கு. சபை மாற்றினால் ஒரு பெட்டியோடு அடுத்த ஊர். பாடம் நடத்தும் வயது முடிந்த பிறகும் பலர் சும்மா இருப்பதில்லை. நூலக அறையில் உட்கார்ந்து கிழிந்த புத்தகத்தை ஒட்டிக்கொண்டிருப்பார்கள். எந்தப் பெண்ணுக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனும் கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அந்த விதியைக் கேள்விப்படாத சிஸ்டரும் தினமும் செய்தது அதைத்தான்.

2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 100 பெண்களில் சுமார் 80 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். மீதி இருபது பேரின் நிலையை நினைத்துப் பாருங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, கையில் உப்பு - சர்க்கரைக் கரைசல் பாக்கெட். அதை எவ்வளவு தண்ணீரில் கரைப்பது? பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் என்றால், சின்னதற்கு அதைவிடக் குறைவு. அளவு அட்டையிலேயே இருக்கிறது. படிக்கத் தெரிந்த தாய் தப்பு செய்ய மாட்டாள். இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் இல்லை, பாருங்கள்.

இனி நம் பங்குக்கு வருவோம். அடுக்களை அலமாரியில் ஒரு தட்டைப் புத்தகத்துக்கு ஒதுக்குங்கள். இடையிடையே காய்ந்த வேப்பிலை வையுங்கள், பூச்சி அண்டாது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிஷம் குழந்தையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். மாதம் ஒரு முறை பக்கத்து நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் மகள் புத்தகத்தை எட்டிப் பார்த்தால், "எடுத்துட்டுப் போ, படிச்சிட்டுக் கொண்டா" என்று சொல்லுங்கள்.

வார்த்தைப்பாடு எடுக்காமலே நாமும் செய்யக்கூடிய ஊழியம் அது. அந்தச் சிறுமி புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, "இன்னொண்ணு இருக்கா அக்கா?" என்று கேட்பாள். அன்றைக்கு, உங்கள் வீட்டு அலமாரியும் ஒரு நூலகம்தான்.