பகலுறக்கமும் பல் வைத்தியமும்

சோம்பலைக் கடியாத சான்றோர் இலர். திருவள்ளுவரும் மடியின்மையென ஓர் அதிகாரம் வகுத்து, மாந்தரைக் கெடுக்கும் நான்கனுள் உறக்கத்தையும் ஒன்றாக எண்ணினார். ஆயினும், பகலில் உறங்குவோரெல்லாம் சோம்பரல்லர். இரவு முழுதும் படுக்கையிற் கிடந்தும் உறக்கத்தின் பயனைப் பெறாதாரும் உளர். அன்னார் வகுப்பிலும் ஆலயத்திலும் கண்ணயர்வதைக் கண்டு நாம் நகைக்கின்றோம். அவர்தம் நோயை அறிகின்றோமில்லை. அந்நோய் யாது, அதற்குப் பல் வைத்தியர் செய்யும் உதவி யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஆங்கில நாவலாசிரியராகிய சார்லஸ் டிக்கன்ஸ், 1836ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய 'பிக்விக் பேப்பர்ஸ்' என்னும் கதையில், ஜோ என்னும் பருத்த சிறுவனொருவனைப் படைத்தார். அவன் நின்றபடியே உறங்குவான். பந்தியிற் பணிசெய்யும்போதே குறட்டை விடுவான். படித்தோர் நூறாண்டுக்கு மேலாக நகைத்தனர். 1956இல் அமெரிக்க வைத்தியர் சிலர், மிக்க பருமனும் மூச்சுக்குறைவும் பகலுறக்கமும் ஒருங்கே உடைய நோயாளியொருவரை ஆராய்ந்து, அந்நிலைக்குப் 'பிக்விக்' என்னும் பெயரையே சூட்டினர். 1965இல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர், இத்தகையோர் உறங்குகையில் மூச்சு இடையிடையே நின்றுபோதலை அளந்து கண்டனர். 'ஸ்லீப் அப்னியா' எனப்படும் உறக்க மூச்சுத்தடை இதுவே. பருமனில்லாதாரையும் இது பற்றும்.

விழித்திருக்குங்கால் தொண்டைத் தசைகள் மூச்சுவழியைத் திறந்து வைக்கின்றன. உறங்குங்கால் அவை தளர்கின்றன. கீழ்த்தாடை பின்னே சரிய, நாவின் அடியும் மெல்லண்ணமும் தொண்டையின் பின்சுவரை நெருங்குகின்றன. ஒடுங்கிய வழியிற் காற்றுப் புகுங்கால் எழும் அதிர்வே குறட்டை. வழி முற்றும் அடைபடின் மூச்சு நிற்கும். பிராணவாயு குறையவே மூளை கணப்பொழுது விழித்துத் தசைகளை இறுக்கும், மூச்சு மீளும், உறக்கம் தொடரும், மீண்டும் வழி அடைபடும். 10 விநாடிக்குக் குறையாத தடையையே வைத்தியர் கணக்கிற் கொள்வர். தடையும் மூச்சுக்குறைவும் சேர்ந்து மணிக்கு 30க்கு மேற்படின் நோய் கடியதாம். உறங்குவோன் இவ்விழிப்புகளை அறியான். மறுநாட் களைப்பையே அறிவான். இந்நோயுடையார்க்கு இரத்த அழுத்தம் மிகுதல் உண்டு. வண்டி ஓட்டுகையில் கண்ணயர்ந்து உயிரிழப்பாரும் உளர்.

1981இல் ஆஸ்திரேலிய வைத்தியர் காலின் சல்லிவன், மூக்கின் வழியே காற்றைச் செலுத்தி மூச்சுவழி மூடாது காக்கும் கருவியை வெளியிட்டார். வன்மை மிக்க சிகிச்சை அதுவே. எனினும், முகமூடியணிந்து உறங்க மாட்டாதார் பலர். அவர்க்கும், நோய் கடிதாகாதார்க்கும் பல் வைத்தியர் துணையாகின்றார்.

மயங்கிக் கிடப்பானுடைய கீழ்த்தாடையை முன்னே தள்ளின் மூச்சுவழி திறக்குமென்பது முதலுதவி கற்றார் அறிந்ததே. பல் வைத்தியரின் கருவி அச்செயலை இரவு முழுதும் செய்கின்றது. பல்வரிசைகளுக்கு அச்செடுத்து, மேலுக்கொன்றும் கீழுக்கொன்றுமாகத் தகடுகள் அமைத்து, கீழ்த்தாடை சில மில்லிமீட்டர் முன்னே நிற்குமாறு இணைப்பர். பின்னர்ச் சிறிது சிறிதாக முன்னே நகர்த்துவர். தாடையோடு நாவும் முன்வர, வழி அகலும்.

இதற்கும் எல்லையுண்டு. கருவியைத் தாங்க உறுதியான பற்கள் போதிய அளவு வேண்டும். தொடக்கத்தில் உமிழ்நீர் பெருகும். தாடைப் பொருத்து நோகும். ஆண்டுகள் செல்லப் பற்களின் பொருத்தமும் மாறக்கூடும். ஆதலின் இடையிடையே பல் வைத்தியரைக் காணல் வேண்டும். குறட்டை ஒழிந்ததனால் நோய் ஒழிந்ததென்று துணிதலும் கூடாது. முதலில் உறக்கப் பரிசோதனையால் நோயைத் துணிபவர் மருத்துவரே. கருவியணிந்த பின்னரும் மீண்டும் சோதித்தல் நன்று.

பவுலடியார் நள்ளிரவு மட்டும் பிரசங்கிக்கையில், ஐத்திகு என்னும் வாலிபன் உறங்கி மேன்மாடத்தினின்று விழுந்தான் என அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். அவனுக்கு இந்நோய் இருந்ததென யாம் கூறவில்லை. அடிகள் அவனைக் கடிந்ததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. இறங்கிச் சென்று அணைத்துக்கொண்டார் என்றே காண்கிறோம். அயர்ந்து உறங்கும் தோழனைச் சோம்பன் என்று இகழுமுன், "இரவில் நன்றாய் மூச்சு விடுகின்றனையோ?" என்று கேட்போமாக.