'மே' என்றால் உறுதியா? ஆங்கிலக் கடிதங்களைப் படிக்கும்போது

சென்ற மாதம் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர், தம் மகனுக்கு வந்த கடிதத்துடன் அலுவலகத்திற்கு வந்தார். வளைகுடாவில் வேலை. நேர்முகத் தேர்வு முடிந்த பின், 'வீ வுட் ஹோப் டு கன்ஃபர்ம் யுவர் அப்பாயிண்ட்மென்ட் ஷார்ட்லி' என்று நிறுவனம் எழுதியிருந்தது. அதைப் படித்துச் சொன்னவர், "வேலை உறுதி, சீக்கிரம் தகவல் வரும்" என்று சொல்லிவிட்டார். பையன் இங்கே பார்த்துக்கொண்டிருந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டான். ஏழு வாரமாகியும் ஒன்றும் வரவில்லை. "வாக்குக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களே" என்று வருந்தினார் அந்த அத்தா.

கடிதத்தை நாங்கள் இரண்டு முறை படித்தோம். அதில் வாக்கு எதுவும் இல்லை. 'ஹோப்' என்பது விருப்பம் கலந்த நம்பிக்கை, அவ்வளவுதான். அதன் முன்னால் 'வுட்' வந்ததும் அந்த நம்பிக்கையும் ஓரடி பின்வாங்குகிறது. "எல்லாம் கூடி வந்தால் உறுதி செய்ய முடியும் என்று நம்புகிறோம்" என்பதே அதன் பொருள். 'வீ வில் கன்ஃபர்ம்' என்று இருந்தால்தான் அது வாக்கு. 'வீ எக்ஸ்பெக்ட் டு கன்ஃபர்ம்' என்பது இரண்டுக்கும் நடுவில்.

தமிழில் இந்த ஐயமும் உறுதியும் பெரும்பாலும் வினையின் வாலில் இருக்கின்றன: வரும், வரலாம், வரக்கூடும், வந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் அவை மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. மே, மைட், குட், வுட், ஷுட், வில், மஸ்ட் போன்ற துணைவினைகள் ஒன்று. திங்க், ஹோப், எக்ஸ்பெக்ட், சப்போஸ் போன்ற நினைத்தல் வினைகள் இன்னொன்று. பாசிப்ளி, ப்ராபப்ளி, சர்டன்லி போன்ற வினையடைகள் மூன்றாவது. எழுதியவர் எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பது இவற்றைச் சேர்த்துப் படித்தால்தான் தெரியும். நேரில் ஒருவர் "இன்ஷா அல்லாஹ் வருகிறேன்" என்றால், வருவாரா மாட்டாரா என்பதை அவர் குரலை வைத்தே பாதி அறிந்துகொள்கிறோம். (தட்டிக்கழிக்க அதைச் சொல்வது சரியா என்பது வேறு விஷயம்.) கடிதத்தில் குரல் இல்லை, இந்தச் சிறு சொற்கள்தான் குரல்.

துணைவினையும் வினையடையும் ஒரே அளவு ஐயத்தைச் சொன்னால் அவை ஒன்றையொன்று தாங்கி நிற்கும். 'மே பாசிப்ளி' என்பதில் ஐயம் இரண்டு மடங்காகிவிடுவதில்லை. ஒரே ஐயம் இரண்டு முறை சொல்லப்படுகிறது. மொழியியலாளர் ஜான் லயன்ஸ் 1977இல் வெளியான தம் நூலில் இதை இசைவான சேர்க்கை என்றே குறிப்பிடுகிறார். அளவு ஒத்துப்போகாவிட்டால் பொருளே மாறலாம். 'யூ மே சர்டன்லி அப்ளை' என்பதில் 'மே' ஐயமே அல்ல, அனுமதி: "தாராளமாக விண்ணப்பிக்கலாம்." நம் '-லாம்' விகுதிக்கும் இதே இரண்டு முகங்கள் உண்டல்லவா? "மழை வரலாம்", "நீங்கள் உள்ளே வரலாம்."

எங்களை மிகவும் கவலைப்படுத்துவது 'மே வெல்'. 'யுவர் சன் மே வெல் நீட் அனதர் ஆப்பரேஷன்' என்று மருத்துவர் எழுதினால், அந்த 'வெல்' நலத்தைக் குறிப்பதல்ல. இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்பட நல்ல வாய்ப்பிருக்கிறது, அதற்குத் தயாராக இருங்கள் என்பதே பொருள். 'வெல்' என்ற சொல்லை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிட்டால், பணமும் புரட்டாமல், தேதியும் கேட்காமல் இருந்துவிடுவோம். 'மைட் ஜஸ்ட் நீட்' என்றால் வாய்ப்பு சிறியது. 'வில் ப்ராபப்ளி நீட்' என்றால் பெரியது. ஆனால் 'வில்' இருப்பதாலேயே அது முடிவாகிவிடாது. 'குட் பாசிப்ளி பி' என்று ஸ்கேன் அறிக்கையில் பார்த்ததுமே அழத் தொடங்கவும் வேண்டாம். "இதுவாகவும் இருக்கலாம்" என்பதுதான் அது. அடுத்த பரிசோதனை என்ன என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதே 'பாசிப்ளி', 'குடன்ட்' அல்லது 'கான்ட்' பக்கத்தில் வந்தால் கதவை அடைத்துவிடும். 'வீ கான்ட் பாசிப்ளி அக்செப்ட்' என்றால் எந்த நிலையிலும் ஏற்க முடியாது.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தடுமாறும் இடங்களும் உண்டு. 'ஐ ஷுட் திங்க் சோ' என்றால் "நான் அப்படி நினைக்க வேண்டும்" அல்ல, "அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்." உங்கள் மகள் எடுக்கும் பாடப்பிரிவைப் பற்றி ஆசிரியர் 'ஐ வுட் ஹேவ் தாட் அனதர் குரூப் வுட் சூட் ஹெர் பெட்டர்' என்றால், அவர் பழைய நினைவைச் சொல்லவில்லை. உங்கள் தேர்வில் தமக்கு உடன்பாடில்லை என்பதை நயமாகச் சொல்கிறார். 'யூ மே விஷ் டு கன்சிடர்' என்று வருவதையும் விட்டுவிடாதீர்கள். விருப்பம் உங்களுடையது போலத் தோன்றினாலும், பல நேரங்களில் அது மரியாதை போர்த்திய அறிவுரை.

நம் பிள்ளைகள் எழுதும்போது இரண்டு விஷயங்களைக் கவனித்தால் நல்லது. "அவர் வரமாட்டார் என்று நினைக்கிறேன்" என்பதை 'ஐ திங்க் ஹி வில் நாட் கம்' என்று எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் சற்று முரட்டுத்தனமாக ஒலிக்கும். ஆங்கிலத்தில் மறுப்பை நினைத்தல் வினைக்குக் கொண்டுபோவதே வழக்கம்: 'ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்.' இன்னொன்று 'மேபி'. சேர்த்து எழுதினால் "ஒருவேளை", பிரித்து எழுதினால் "இருக்கலாம்". 'ஹி மேபி கம்' என்று விண்ணப்பக் கடிதத்தில் எழுதியதை நாங்களே பார்த்திருக்கிறோம்.

அந்தச் சகோதரரின் மகனை உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வியை மின்னஞ்சலில் எழுதச் சொன்னோம்: 'ஹேஸ் மை அப்பாயிண்ட்மென்ட் பீன் கன்ஃபர்ம்டு?' மூன்றாம் நாள் பதில் வந்தது. 'வீ டு நாட் திங்க் வீ வில் பி ஏபிள் டு ப்ரொசீட் திஸ் இயர்.' இந்த ஆண்டு இல்லை என்பதுதான். இம்முறை அதைப் பையனே படித்து அத்தாவுக்குச் சொன்னான். மறுநாள் பழைய முதலாளியைப் பார்க்கப் போனான். அந்த இடத்திற்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.