மரை கழலாமல் ஆயில் மாற்றுவோம்!

ஏழு மலை, ஏழு கடல் தாண்டி, ஒரு குகைக்குள் இருக்கும் கிளியிடம் மந்திரவாதியின் உயிர் இருக்கும் என்று பாட்டிமார்கள் கதை சொல்வார்கள். உங்கள் காரின் உயிர் அவ்வளவு தூரத்தில் இல்லை. பானெட்டைத் திறந்து பார்த்தாலும் தெரியாது. இன்ஜினுக்கு அடியில், தரையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு சாண் உயரத்தில், ஒரு போல்ட்டுக்கும் ஆயில் சேம்பருக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பெயர்: வாஷர். விலை: இரண்டு பேர் டீ, வடை சாப்பிடும் காசு.

அந்த போல்ட்டுக்குத்தான் டிரெய்ன் பிளக் என்று பெயர். பழைய ஆயிலை வெளியேற்ற அதைத்தான் கழற்ற வேண்டும். புது ஆயில் ஊற்றியபின் அது கீழே ஒழுகாமல் காக்கிறவரும் அவரேதான். பல லட்சம் ரூபாய் காரை இந்த துவாரபாலகரை நம்பித்தான் ஓட்டுகிறோம். ஆனால் அவரை யாராவது ஒரு தடவையாவது விசாரித்திருப்போமா? நாலு சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதோடு சரி!

சொட்டுக் கணக்கு

நான் படித்தது பி.காம். மெஷின் விவகாரம் எதுவானாலும் வரவு-செலவு போட்டுப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். எனவே இந்தக் கணக்கைப் பாருங்கள்.

காருக்கு அடியில் ஒரு சொட்டு. "ஒரு சொட்டுதானே ஸார்!" என்கிறீர்கள். சரி, நிமிஷத்துக்கு ஒரு சொட்டு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1440 சொட்டு. ஒரு மில்லிக்குச் சுமார் 25 சொட்டு என்றால், தினமும் 57 மில்லி சொச்சம். பதினேழு, பதினெட்டு நாளில் ஒரு லிட்டர் காலி! சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றின் வயிற்றில் இருப்பதே மொத்தம் மூன்று லிட்டர் சுமார்தான். டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு லிட்டர் அளவுதான் வித்தியாசம். அதாவது, மாதம் முடிவதற்குள் கணக்கு சிவப்பு மசியில்!

இது நின்றுகொண்டிருக்கும் காருக்கு. ஓடும்போது ஆயில் சூடாகி இளகிவிடுவதால் ஒழுக்கு இன்னும் ஜோராக நடக்கும்.

"ஆயில் குறைந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியுமே?" என்று கேட்பவர்கள் கவனிக்கவும். அந்த விளக்கு அளவு பார்க்கும் விளக்கு அல்ல. ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்று சொல்லும் விளக்கு. பம்ப் உறிஞ்சுவதற்கு ஆயில் கிடைக்காத நிலை வரும்போதுதான் பல கார்களில் அது கண் விழிக்கும். அப்போது இன்ஜினுக்குள் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றும் கிராங்க் ஷாஃப்ட், பேரிங்கோடு நேருக்கு நேர் உரசத் தொடங்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருந்தது தலைமுடியைவிட மெல்லிய ஒரு எண்ணெய்ப் படலம்தான். அது போனால் சூடு. சூடு கூடினால் சீஸ். அலாவுதீன் விளக்கைத் தேய்த்தால் பூதம் வரும். அதே வடிவத்தில் இருக்கும் இந்த விளக்கு எரிந்த பிறகும் வண்டியை ஓட்டினால் மெக்கானிக் பில் வரும். பூதமே தேவலை!

முறுக்கு தீபாவளிக்கு மட்டும்

எனக்குத் தெரிந்த ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருவர். சர்வீஸ் விட்டு வந்த மறுநாள், போர்டிகோ டைல்ஸில் கறுப்பாக ஒரு பொட்டு. ஒர்க் ஷாப்புக்குத் திரும்பக் கொண்டுபோனார். பையன் கீழே படுத்து "ஒரு முறுக்கு" முறுக்கினான். மறுவாரம் மறுபடி பொட்டு. மறுபடி முறுக்கு. மூன்றாவது தடவை ஸ்பானரில் நீளமான பைப்பைச் சொருகி முறுக்கிவிட்டு, "டைட் பண்ணியாச்சு ஸார். இனிமே ஆண்டவனே வந்தாலும் கழட்ட முடியாது!" என்றானாம். "அடுத்த தடவை ஆயில் மாத்த ஆண்டவனாப்பா வரப்போறாரு?" என்று கேட்டிருக்கிறார் தலைமையாசிரியர்.

ஆண்டவனுக்கு வேலையே வைக்கவில்லை. பத்தே நாளில், திண்டிவனம் போகும் வழியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மனுஷர் அடுத்த ஊர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். டிப் ஸ்டிக்கில் பொட்டு ஆயில் இல்லை. அணைத்ததால் இன்ஜின் பிழைத்தது. ஆனால் அலுமினிய சேம்பரின் மரை மொத்தமாக வழித்துக்கொண்டு வந்திருந்தது. புது சேம்பர், புது பிளக், டோ வண்டி வாடகை... எல்லாம் ஒரு வாஷரை மாற்றாத குற்றத்துக்கு அபராதம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒழுகினால் இறுக்கு என்பது நம் ரத்தத்தில் ஊறிய வைத்தியம். குடிதண்ணீர்க் குழாயிலிருந்து குக்கர் மூடி வரை அதையேதான் செய்கிறோம். டிரெய்ன் பிளக்கில் ஒழுக்கை நிறுத்துவது பலம் அல்ல. நடுவில் இருக்கும் வாஷர். அலுமினியமோ, செம்போ, அது கொஞ்சம் நசுங்கி, இரண்டு பக்கத்து மேடு பள்ளத்தையும் நிரப்பிக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது. ஒரு தடவை நசுங்கியதை மறுபடி போட்டால், அது புது இடத்துக்குப் பொருந்தாது. அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் பாரம் முழுவதும் மரையின் தலையில்தான் விழும். பிளக் இரும்பு, சேம்பர் பல கார்களில் அலுமினியம். இரண்டும் மல்லுக்கட்டினால் யார் தோற்பார் என்று சொல்லவேண்டியதில்லை.

படுக்கும் முன் பத்து யோசனை

இதை நாமே செய்ய முடியுமா? தாராளமாக. அரை நாள் ஞாயிற்றுக்கிழமை, அழுக்கானால் கவலையில்லாத லுங்கி அல்லது பழைய பேன்ட், இவை போதும். வாரன்டியில் இருக்கும் கார் என்றால் மட்டும் கம்பெனி நிபந்தனைகளைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

முதல் விஷயம், உயிர். ஜாக்கி மட்டும் வைத்துத் தூக்கிய காருக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கிவைக்கும் சாமர்த்தியம் வேண்டவே வேண்டாம். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். சமதரை, ஹேண்ட் பிரேக், கியரில் வண்டி, சக்கரத்துக்குக் கட்டை. ஸ்டாண்டில் இறக்கியபின் காரை ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நீங்கள் படுக்காதீர்கள்.

அடுத்தது ஆயில். 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்று டப்பாவில் ஏதோ கார் நம்பர் மாதிரி போட்டிருக்கும். 'டபிள்யூ' என்றால் விண்டர், குளிர்காலம். முன்னால் இருக்கும் எண் குளிரில் எவ்வளவு இளக்கம் என்பதற்கு. பின்னால் இருப்பது சூட்டில் எவ்வளவு கனம் என்பதற்கு. மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைந்துபோவதும், விளக்கெண்ணெய் கொழகொழ என்று இருப்பதும் தெரிந்தவர்களுக்கு இது புரிந்த சங்கதி. (காஸ்ட்ரால் என்ற பெயரே 'காஸ்டர்' என்ற ஆமணக்கிலிருந்து வந்ததுதான். அந்தக் காலத்தில் அதில் விளக்கெண்ணெய் கலந்திருந்தார்கள். இனி யாராவது உங்களை 'விளக்கெண்ணெய்' என்று திட்டினால் பெருமைப்படலாம்!) உங்கள் காருக்கு எந்த எண், எத்தனை லிட்டர் என்பது காரோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. கடைக்காரர் சொல்வதைவிட அது சத்தியம்.

அதே கடையில் ஆயில் ஃபில்டரும், டிரெய்ன் பிளக் வாஷரும் கேட்டு வாங்குங்கள். "பழசே போதும் ஸார்" என்பார். போதாது.

இனி, கச்சேரி

இன்ஜினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்து, பத்து நிமிஷம் ஆறவிடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஆயில் அழுக்கோடு சேர்ந்து இறங்கும். கொதிக்கக் கொதிக்க இறக்கினால் கையில் அபிஷேகம். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய ஆயில் தோலுக்கு நல்லதல்ல. மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவையுங்கள்.

பிளக்குக்குச் சரியான அளவு ரிங் ஸ்பானர் அல்லது பாக்ஸ் ஸ்பானர்தான் பிடிக்க வேண்டும். ஸ்க்ரூ ஸ்பானர் வழுக்கி, போல்ட்டின் மூலைகளை மழித்துவிடும். மல்லாக்கப் படுத்ததும் இடது எது, வலது எது என்று பெரிய படிப்பாளிகளுக்கே குழம்பும். போல்ட்டின் தலையைப் பார்த்தபடி, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் கழலும். கடைசிச் சுற்றுகளில் விரலால் பிளக்கை உள்ளே அழுத்திக்கொண்டே திருகி, வெடுக்கென்று இழுங்கள். ஆயில் நேராக விழாது. முதலில் எட்டிப் பாயும். தட்டைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

கால் மணி நேரம் சொட்டட்டும். அந்த நேரத்தில் பிளக்கைத் துடைத்துப் பாருங்கள். சில பிளக்கில் காந்தம் இருக்கும். அதில் மை போல நைஸாகப் படிந்திருந்தால் வழக்கமான தேய்மானம். பளபளவென்று செதில் செதிலாக இருந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டிய ஜாதகம்.

இப்போது முக்கியமான கட்டம். பழைய வாஷர் எங்கே? பிளக்கில் இல்லையென்றால் சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கவனிக்காமல் அதன்மேல் புதுசைப் போட்டால் இரட்டை வாஷர், நிச்சயம் ஒழுகும். நகத்தால் நெம்பி எடுங்கள். வாஷர் உட்காரும் இடத்தைச் சுத்தமான துணியால் துடையுங்கள். ஒரு மணல் துகள் போதும், ஆயிலுக்கு வழி விட.

புது வாஷரோடு பிளக்கை விரலாலேயே ஏற்றுங்கள். நாலைந்து சுற்று விரலில் சுலபமாக ஏற வேண்டும். அடம் பிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். கழற்றி, மறுபடி ஏற்றுங்கள். ஸ்பானரால் பலவந்தம் கூடாது.

எவ்வளவு இறுக்குவது? பல சின்ன கார்களுக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர். உங்கள் காரின் சரியான எண்ணை சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 35 என்றால், 25 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் சுமார் 14 கிலோ அழுத்தம். அரிசிச் சிப்பத்தில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்! டார்க் ரெஞ்ச் இருந்தால் 'க்ளிக்' என்று அதுவே சொல்லிவிடும். 'க்ளிக்' கேட்டபின் "எதுக்கும் இன்னொண்ணு" என்று கை பரபரக்கும். அடக்குங்கள். டெஃப்லான் டேப், எம்-ஸீல் போன்ற பிளம்பிங் வைத்தியங்களும் இங்கே வேண்டாம்.

ஃபில்டரிலும் இதே கதை. பழைய ரப்பர் வளையம் இன்ஜினில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு, புது வளையத்தில் ஒரு விரல் ஆயில் தடவி, கையாலேயே இறுக்குங்கள். எத்தனை சுற்று என்று ஃபில்டரிலேயே எழுதியிருக்கும்.

ஸ்டாண்டிலிருந்து காரை இறக்கிவிட்டு, சொன்ன அளவைவிடக் கொஞ்சம் குறைவாக ஆயில் ஊற்றி, ஒரு நிமிஷம் இன்ஜினை ஓடவிடுங்கள். சிவப்பு விளக்கு சில விநாடியில் அணைய வேண்டும். நிறுத்தி, ஐந்து நிமிஷம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பார்த்து மீதியை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

பேப்பர் பரீட்சை

அன்று ராத்திரி காருக்கு அடியில் பழைய செய்தித்தாள் விரித்துவையுங்கள். காலையில் பேப்பர் சுத்தமாக இருந்தால் பாஸ். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு பரீட்சை. கறை இருந்தால் உடனே ஸ்பானரைத் தூக்காதீர்கள். மேலே டேப்பட் கவரிலிருந்தோ, ஃபில்டரிலிருந்தோ வழிந்த ஆயில் பிளக்கின் நுனியில் வந்து சொட்டி, பழியைப் பிளக்கின் மேல் போட்டுவிடும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, முதல் ஈரம் எங்கே தெரிகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிளக்தான் குற்றவாளி என்றால் மறுபடி ஆயிலை இறக்கி வாஷரை மாற்றுங்கள். மரையே போயிருந்தால் ஒர்க் ஷாப்பில் புது மரை வெட்டி உள்ளே இன்சர்ட் வைத்தும் சரி செய்யலாம். எல்லாச் சமயத்திலும் சேம்பரையே மாற்ற வேண்டியதில்லை.

தட்டில் இருக்கும் பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒரு தடவை மாற்றிய ஆயில் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சி. நம் நாட்டிலும் 2016-ம் வருஷ விதிகளின்படி அது அபாயக் கழிவு. சென்ட்ரிங் பலகைக்குத் தடவ என்று யாராவது கேட்டாலும் கொடுக்காமல், டப்பாவில் மூடி, மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள்.

இவ்வளவு படித்தபின், "மல்லாக்கப் படுக்க என் முதுகு ஒத்துக்காது ஸார்" என்கிறீர்களா? பரவாயில்லை. அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு புது வாஷரோடு போங்கள். "தம்பி, இதைப் போட்டுக் கைப்பலத்துல முறுக்காம, அளவோட டைட் பண்ணுப்பா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். 'மரை கழன்ற ஆளோ?' என்றுகூட நினைப்பார்கள்.

நினைக்கட்டுமே! கழலாமல் இருக்கவேண்டியது சேம்பரின் மரை.