சுண்டெலிகளில் சுவாச இயக்கவியல் அளவீடு

சுவாச இயக்கவியல் அளவீடு என்பது மூச்சுக்குழாய்கள் காற்றோட்டத்துக்கு எவ்வளவு தடை தருகின்றன, நுரையீரல் எவ்வளவு எளிதாக விரிகிறது என்பவற்றைக் கண்டறிவதாகும். ஆஸ்துமா போன்ற நோய்களின் ஆய்விலும் புதிய மருந்துகளின் சோதனையிலும் இதற்குச் சுண்டெலிகள் பெரிதும் பயன்படுத்தப்படுகின்றன. சுமார் 25 கிராம் எடையுள்ள சுண்டெலி ஒரு மூச்சில் ஏறத்தாழ 0.2 மில்லிலிட்டர் காற்றையே உள்ளிழுக்கிறது. எனவே மனிதருக்கான கருவிகளை அப்படியே பயன்படுத்த இயலாது.

அளவிடப்படும் பண்புகள்

குறிப்பிட்ட வேகத்தில் காற்று பாய எவ்வளவு அழுத்தம் தேவை என்பதே 'தடை' ஆகும். அழுத்தம் ஓரலகு கூடும்போது நுரையீரலின் கன அளவு எவ்வளவு கூடுகிறது என்பது 'இணக்கம்' எனப்படும். இரண்டையும் கணிக்க, அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் ஒரே நேரத்தில் அறிய வேண்டும்.

ஆஸ்துமா ஆய்வுகளில் விலங்குக்கு மெத்தாகோலின் என்ற மருந்து படிப்படியாகக் கூடும் அளவுகளில் தரப்படுகிறது. இது மூச்சுக்குழாய்த் தசையைச் சுருக்கும். குறைந்த அளவிலேயே தடை பெரிதும் உயர்ந்தால், அது மூச்சுக்குழாய் மிகையுணர்வின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

முழு உடல் கன அளவி முறை

இம்முறையில் விழித்திருக்கும் சுண்டெலி மூடிய அறையில் கட்டின்றி விடப்படுகிறது. உள்ளிழுத்த காற்று உடலுக்குள் சூடாகி, ஈரமடைந்து விரிவதால் அறையின் அழுத்தம் சிறிது மாறுகிறது. இக்கோட்பாட்டைக் கொண்டு பச்சிளங்குழந்தைகளின் சுவாசத்தை அளவிடும் முறையை டிரார்பா, ஃபென் ஆகியோர் 1955இல் வெளியிட்டனர்.

ஹேமல்மன் குழுவினர் 1997இல் இந்த அழுத்த அலையின் வடிவத்திலிருந்து 'பென்' என்ற குறியீட்டெண்ணைக் கணித்து, அதை மூச்சுக்குழாய்ச் சுருக்கத்தின் அளவாக முன்வைத்தனர். மயக்க மருந்தோ அறுவையோ தேவையில்லை. ஒரே விலங்கைப் பல நாட்கள் தொடர்ந்து சோதிக்கலாம். இதனால் இம்முறை விரைவில் பரவியது.

ஆனால் இங்கு நுரையீரலின் அழுத்தம் அளவிடப்படுவதில்லை. மூச்சுவிடும் வேகமும் பாங்கும், அறைக் காற்றின் வெப்பநிலையும் ஈரப்பதமும் அழுத்த அலையை மாற்றுகின்றன. சுண்டெலி மூக்கால் மட்டுமே சுவாசிப்பதால் மூக்கில் ஏற்படும் மாற்றங்களும் இதில் கலக்கின்றன. எனவே தடை மாறாமலே பென் மாறக்கூடும். பால்ப்-சி, சி57 பிளாக்-6 ஆகிய இரு சுண்டெலி வகைகளில் இந்த எண் நம்பத்தக்கதன்று என 2004இல் வெளியான ஓர் ஆய்வு முடிவு செய்தது.

கட்டாய அலைவு முறை

மனிதரில் இம்முறையை டுபாய்ஸ் குழுவினர் 1956இல் விவரித்தனர். சுண்டெலியில் இதைச் செய்ய, விலங்கு மயக்கப்பட்டு, மூச்சுப்பெருங்குழாயில் குழல் பொருத்தப்பட்டுச் செயற்கைச் சுவாசத்தில் வைக்கப்படுகிறது. சுவாசத்தைச் சில நொடிகள் நிறுத்தி, பல அதிர்வெண்கள் கலந்த சிறு காற்றலைகள் உள்ளே செலுத்தப்படுகின்றன. திரும்பப் பெறும் அழுத்தமும் காற்றோட்டமும் ஒப்பிடப்படுகின்றன.

ஹான்டோஸ் குழுவினர் 1992இல் வெளியிட்ட கணித மாதிரியின் துணையுடன், காற்றுவழிகளின் தடையையும் நுரையீரல் திசுவின் பண்புகளையும் தனித்தனியே பிரித்தறியலாம். மூக்கும் தொண்டையும் தவிர்க்கப்படுவதால் முடிவு தெளிவானது. எனினும் மயக்க மருந்து இயல்பான சுவாசத்தை மாற்றுகிறது. மூச்சுப்பெருங்குழாயைத் திறந்து குழல் பொருத்தப்பட்டால் சோதனை முடிவில் விலங்கு பெரும்பாலும் உயிருடன் விடப்படுவதில்லை.

ஒப்பீடு

அளவீடு துல்லியமாக ஆக, விலங்கின் இயல்பு நிலை குலைகிறது. இயல்பு நிலையைக் காத்தால் துல்லியம் குறைகிறது. பேட்ஸ், இர்வின் ஆகியோர் 2003இல் இதை இயற்பியலின் உறுதியின்மைக் கோட்பாட்டுடன் ஒப்பிட்டனர்.

தேர்வு பிழையானால் விளைவு இருவகைப்படும். மூச்சின் வேகத்தை மட்டும் மாற்றிய மருந்து, மூச்சுக்குழாயை விரித்ததாகத் தவறாகக் கருதப்படலாம். அம்முடிவை உறுதிசெய்ய இயலாதபோது, பயன்படுத்திய விலங்குகளும் வீணாகின்றன. விலங்குகளின் எண்ணிக்கையையும் துன்பத்தையும் குறைக்க வேண்டும் என ரஸ்ஸல், பர்ச் ஆகியோர் 1959இல் வகுத்த நெறியின்படி பார்த்தாலும், துன்பம் குறைந்த முறை என்பது மட்டுமே போதிய காரணமாகாது.

ஆகவே சுவாச வேகம், அதன் நாள்வாரி மாற்றம் ஆகியவற்றை அறிய முழு உடல் கன அளவி ஏற்றது. மூச்சுக்குழாய்த் தடை மாறியதா என்ற வினாவுக்கு, அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் நேரடியாக அளக்கும் முறையே விடை தரும்.