மூன்று படியும் 21 அடியும்

முதல் உலகப் போரில் முதுகுத்தண்டில் அடிபட்ட அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. குண்டுக்குத் தப்பியவர்களைப் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் கொண்டுபோயின. இரண்டாம் போரின்போது சல்ஃபா மருந்தும் பெனிசிலினும் வந்துவிட்டன. இடுப்புக்குக் கீழ் இயக்கமிழந்த ஏறக்குறைய 2,500 பேர் உயிரோடு ஊர் திரும்பினார்கள். வீடுகள்தான் அவர்களுக்கு ஆயத்தமாக இல்லை. வாசலில் மூன்று படி இருந்தது. குளியலறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையவில்லை.

1948 ஜூனில் இவர்களுக்கென ஒரு சட்டம் வந்தது. சக்கர நாற்காலிக்கேற்ற வீட்டுக்கு ஆகும் செலவில் பாதியை, 10,000 டாலருக்கு மிகாமல், அரசு ஒரே ஒரு முறை தரும். இன்று பார்வை இழந்தவர், கைகால் இழந்தவர், தீக்காயம் பட்டவர் என்று உதவியின் வட்டம் விரிந்திருக்கிறது. 6 முறை வரை பெறலாம். 2025 நிதியாண்டில் உச்சவரம்பு 1,21,812 டாலர். தொகை 12 மடங்கு ஏறியிருக்கிறது. அதே காலத்தில் விலைவாசி 13 மடங்கு ஏறிவிட்டது.

அரசுப் பணம் எட்டாத இடத்தில் அன்று அக்கம்பக்கத்தார் வந்து நின்றார்கள். ஒருவர் களஞ்சியம் எழுப்பினால் ஊரே கூடி உத்தரம் தூக்கும் வழக்கம் அமெரிக்கக் கிராமங்களுக்குப் பழையது. அந்தப் பழக்கத்தில் தேவாலயத்தாரும் முன்னாள் படைவீரர் சங்கத்தாரும் பலகையும் ஆணியுமாக வந்து சாய்தளம் அடித்தார்கள். சரிவு கண்ணளவுதான், சாய்தளத்துக்கு அளவு சொல்லும் தேசியத் தரநிலை 1961இல்தான் வெளிவந்தது. இன்று ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும். ஏழு அங்குலப் படி மூன்று என்றால் சாய்தளம் 21 அடி. கதவு திறந்தால் 32 அங்குல இடைவெளி வேண்டும். கண்ணளவுச் சரிவில் நாற்காலி பின்னோக்கி உருளும் அச்சம் இப்போது இல்லை.

1973இல் டெக்சாஸின் மிட்லேண்டில் சிலர் ஏப்ரல் மாதத்தில் கூடி, வசதியற்றோரின் வீடுகளைச் செப்பனிடத் தொடங்கினர். அது நாடு தழுவிய அமைப்பாகி, இன்று 'ரீபில்டிங் டுகெதர்' என்ற பெயரில் படைவீரர்களின் வீடுகளையும் பழுதுபார்க்கிறது. ஹோம் டிப்போ போன்ற பெருங்கடைகளின் அறக்கட்டளைகள் பணமும் ஆட்களும் தருகின்றன. விண்ணப்பம், படைவிலகல் சான்று, நகராட்சி அனுமதி, காப்பீடு எல்லாம் சரியாக இருந்தால்தான் சுத்தியலைத் தொடலாம். 1978க்கு முந்தைய வீடு என்றால் ஈய வண்ணப்பூச்சையும் கவனிக்க வேண்டும்.

இந்தக் காகிதங்களைக் குறை சொல்லிவிடுவது எளிது. பழைய உதவிக்கு விண்ணப்பம் கிடையாது. யார் அண்டை வீட்டார் என்பதை ஊரே தீர்மானித்தது. 1947இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் படைவீரர்களுக்கு அரசு உத்தரவாதத்துடன் கிடைத்த 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குப் போனவை 2. வங்கிக் கதவு இப்படிச் சாத்தியிருந்த ஊர்களில், வெள்ளையர் சுத்தியலோடு கறுப்பினத்தவர் வாசலுக்கு வந்திருப்பார்கள் என்று நம்ப இடமில்லை. இன்றைய விண்ணப்பத்தில் நிறம் தகுதியாகாது.

இழந்ததும் உண்டு. அன்று ஆணி அடித்தவர் எதிர்வீட்டில் இருந்தார்; பலகை உளுத்தால் போகிற வருகிற வழியில் அவர் கண்ணில் பட்டது. இன்றைய குழு ஒரே நாளில் அன்றைவிடச் செம்மையாக முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறது. பலகை மறுபடி உளுத்தால் மறுபடி விண்ணப்பம்.

வியட்நாம் போருக்குப் போனவர்களில் இளையவர்களே இன்று எழுபதை எட்டிவிட்டார்கள்; அவர்களோடு அவர்கள் வீடுகளுக்கும் வயதாகிறது. அரசின் தொகை, வீட்டை உடலுக்கேற்ப மாற்றுவதற்கானது. வழக்கமான பழுதுபார்ப்பு அதில் சேராது. ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றும் வேலை, 1948இல் போலவே, இன்றும் ஊராருடையதுதான்.