டியூப் இல்லாமல் ஓடும் சைக்கிள்!

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டை. காலை ஷிப்டுக்கு இன்னும் கால் மணி நேரம்தான். வழியில் ஒரு முள். "உஸ்" என்று காற்று இறங்கிவிட்டது. பஞ்சர் கடை இன்னும் திறக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஆலைக்குப் போனால் அரை நாள் சம்பளம் போனாலும் போகும்!

இந்தத் தொல்லையைக் குறைக்க வந்ததுதான் டியூப் இல்லாத டயர். கார், மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்றது. 1999-ம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டுக் கம்பெனிகள் மலைப்பாதை சைக்கிளுக்கு இதைக் கொண்டுவந்தன. இன்று விலை உயர்ந்த கியர் சைக்கிள்களில் காணலாம். வீட்டிலேயே மாட்டிவிடவும் முடியும்.

ரிம்மைப் பாருங்கள்

எல்லா சைக்கிளுக்கும் இது பொருந்தாது. டயர், ரிம் இரண்டுமே டியூப் இல்லாமல் ஓட்டுவதற்கென்று செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். பழைய கறுப்பு சைக்கிளின் ரிம் டயரைக் கவ்விப் பிடிக்காது. துணிந்து காற்றடித்தால் ஓடும்போதே டயர் கழன்று ஆளைத் தள்ளிவிடும்.

மாட்டுவது எப்படி?

ரிம்மின் உட்புறத்தைத் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். ஸ்போக்ஸ் கம்பித் துளைகள் முழுவதும் மூடும்படி, இதற்கென்று விற்கும் டேப்பைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்ட வேண்டும். வால்வுக்கு மட்டும் சிறு துளை போட்டு, வால்வைச் செருகி, மரையைக் கையால் இறுக்கினால் போதும்.

பிறகு டயரின் ஒரு விளிம்பை மாட்டி, அகலமான டயரானால் சுமார் 100 மில்லி அடைப்புத் திரவத்தை ஊற்ற வேண்டும். மறு விளிம்பையும் மாட்டி, ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவி, வேகமாகக் காற்றடிக்க வேண்டும். "டப், டப்" என்ற சத்தம் கேட்டால் டயர் ரிம்மில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். டயரிலும் ரிம்மிலும் அச்சிட்டுள்ள அளவுகளில் எது குறைவோ, அதைத் தாண்டக் கூடாது. கடைசியாக, சக்கரத்தை எல்லாப் பக்கமும் சாய்த்துக் குலுக்கினால் திரவம் உள்ளே பரவிவிடும்.

ரப்பர் பால்

திரவங்கள் பலவற்றில் இருப்பது ரப்பர் பால்தான். கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் மரத்தைக் கீறி எடுக்கிறார்களே, அதே சரக்கு! முள் குத்தியதும் வெளியேறும் காற்று இந்தப் பாலைத் துளைக்குள் தள்ளுகிறது. கலந்திருக்கும் துகள்கள் அடைத்துக்கொள்ள, பால் உறைந்து துளை மூடிவிடுகிறது. ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே பஞ்சர் சரியாகிவிடும்.

ஆனால், பால் நாளடைவில் காய்ந்துவிடும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்து, குறைந்திருந்தால் ஊற்ற வேண்டும். மறந்தால் முள்ளுக்குப் பதில் சொல்ல உள்ளே ஒன்றும் இருக்காது!

கண்ணாடி கிழித்த பெரிய கிழிசலைப் பால் அடைக்காது. ஆகவே பையில் ஒரு டியூபும் கைப் பம்பும் இருப்பது நல்லது.

சாதாரண சைக்கிள்காரர்கள் கவலைப்பட வேண்டாம். உப்புத்தாளும் சொல்யூஷனும் ஒட்டும் இன்றும் கைகொடுக்கும். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: டியூபுக்கு ஒட்டுப் போடுவதோடு நிற்காமல், டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்த்து, அந்த முள்ளை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாளும் ஆலை வாசல்வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்!